மறுகா சொல்லுறன் என்ற கதை

அக்கா,

இன்று காலை ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் வந்தார்கள், எங்கள் கார்தெரிப் பிள்ளைகள் மாதிரி. நீளக் கயிறு, கயிற்றில் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்னக் கை. முன்னுக்கு ஒருத்தி, பின்னுக்கு ஒருத்தி. பின்னுக்குப் போனவள் காதில் எதையோ செருகிக்கொண்டு தன்பாட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் பெட்டை, பிள்ளையளைப் பார்" என்று கத்த வாயெடுத்தேன். தமிழில் கத்தி என்ன பயன் என்று அடக்கிக்கொண்டேன். அவர்கள் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

உங்களைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்து சில கிழமைகள்தான் ஆகின்றன. அழுகை வரும் என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கூடப் போடாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அந்தக் கார்தெரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் அங்கே பழைய ஆள். பிரெஞ்சு அரைகுறை, ஆனால் பிள்ளைகள் எல்லாம் உங்கள் காலடியில். ஹெயிட்டிப் பிள்ளைகள், அல்ஜீரியப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே மட்டக்களப்புத் தமிழ்தான். "இஞ்ச வாகா, மூக்கைத் துடைப்பம்" என்றால் எந்த ஊர்ப் பிள்ளையும் மூக்கைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். நான் திருகோணமலை. அந்தக் கட்டடத்தில் தமிழ் கதைக்க நாங்கள் இரண்டு பேரும்தான். நீங்கள் எங்கே இருந்து எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் அந்தக் கேள்வி கேட்காமல் இருக்கப் பழகியிருந்த காலம் அது.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலை. பிள்ளைகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். நீங்கள் பின்னுக்கு, நான் முன்னுக்கு. ஒரு பிள்ளை வளையத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியது. வான் ஒன்று வந்துகொண்டிருந்தது. நீங்கள் கத்தினீர்கள்: "தம்!"

பிள்ளை திடுக்கிட்டு நின்றது. அது பயத்தில். நான் நின்றது வேறு விதமாக. இடக்காலை வைத்து, வலக்காலைத் தூக்கிப் பக்கத்தில் அடித்து, கைகள் இரண்டும் தொடையோடு ஒட்ட, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தச் சேற்றுப் பனிக்குள் விறைப்பாக நின்றேன். என் உடம்பு என்னைக் கேட்காமலே செய்த வேலை அது. நீங்கள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினீர்கள். என்னிடம் நீட்டி, "இதைப் பிடியுங்கோ தோழர்" என்றீர்கள்.

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வான்காரன் பிரெஞ்சில் ஏதோ தூஷணம் சொல்லிவிட்டுப் போனான்.

"தம்" என்றால் ஹிந்தியில் நில் என்று கட்டளை. எனக்கும் உங்களுக்கும் ஹிந்தியில் வேறு ஒரு சொல்லும் தெரியாது, சாவ்தான், விஷ்ராம், பாயே முட், தாயே முட் என்ற இந்த வகையறா மட்டும்தான். அந்தக் காலத்தில் எங்கள் இயக்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்தியா பயிற்சி கொடுத்தது. ஆளுக்கொரு முகாம், ஆளுக்கொரு பங்கு துவக்கும் குண்டும். வட இந்தியாவுக்குப் போய்ப் பழகி வந்த பொடியன்கள் தாங்கள் கேட்ட கட்டளைகளையே தமிழ்நாட்டு முகாம்களில் எங்களுக்கும் கத்தினார்கள். எங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் கொடுத்தார்கள். ஒருவர் பெரிதாக வளர்ந்தால் மற்றவரைக் காட்டி அடக்கலாம் அல்லவா? நாங்களோ அவர்கள் எங்கள்மீது இரங்கித் தருகிறார்கள் என்று நினைத்தோம். என்ன விசர்க் கூட்டம் நாங்கள்!

ஆக, "தம்" என்ற சொல் நீங்கள் துவக்குத் தூக்கியவர் என்று எனக்குச் சொன்னது. "தோழர்" என்ற சொல் எந்த இயக்கம் என்றும் சொல்லிவிட்டது. எங்களில் அண்ணை, அக்கா, தம்பிதான். உங்களில்தான் எல்லாரும் தோழர். உங்கள் இயக்கத்தை எங்கள் இயக்கம் அடித்து அழித்தது. நான் நின்ற நிலையைப் பார்த்து நானும் பழகினவள் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். எந்தப் பக்கம் என்றுதான் விளங்கியிராது.

அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனீர்கள். மெட்ரோவில் நான் ஏறிய பெட்டியில் ஏறமாட்டீர்கள். உங்களுக்குப் பயம். மொன்றியலிலும் அப்போது எங்கள் பக்கத்து ஆட்களின் கைதான் ஓங்கியிருந்தது. கோயிலில், கடையில், பள்ளிக்கூடத்தில், யார் துரோகி என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஒரு சொல் வெளியே போனால் ஊரில் இருக்கிற உங்கள் தாய்க்கு என்ன நடக்கும் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

எனக்கும் நித்திரை இல்லை. காரணம் வேறு. என் தம்பி உங்கள் இயக்கம்.

ஒரே வீட்டில் இருந்து நான் ஒரு பக்கம் போனேன், என்னைக் கேட்காமல் அவன் மற்றப் பக்கம் போனான். அம்மா அப்போது சொன்னது, "ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறதுக்கு வீட்டிலயே இருந்திருக்கலாம்." எங்கள் ஆட்கள் உங்களை அடித்தபோது நான் தமிழ்நாட்டு முகாமில் காய்ச்சலில் கிடந்தேன். எழுப்பி வரிசையில் நிறுத்திச் செய்தி சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவள் கைதட்டினாள். தம்பியை உயிரோடு பிடித்தார்களா, எங்கே வைத்துச் சுட்டார்கள், கடைசியில் என்ன சொன்னான், ஒன்றுமே தெரியாது. அம்மா அதைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனா. கண்ணுக்கு முன்னால் அவனுடைய இயக்கத்து ஆள் ஒருத்தி நின்று பிள்ளைகளுக்குப் பாலில் அரோட் பிஸ்கட் பிசைந்து தீத்திக்கொண்டிருக்கிறா. நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

கடைசியில் நீங்கள்தான் கேட்டீர்கள். மெட்ரோவில், எனக்கு முன் கதிரையில் வந்து இருந்து, நேரே என் முகத்தைப் பார்த்து.

"நீ அவங்கட ஆளா?"

"ஓம்."

"என்ர மனுசனச் சுட்டது உங்கட ஆக்கள்."

"என்ர தம்பி உங்கட ஆள். அவனையும் சுட்டது எங்கட ஆக்கள்தான்."

நீங்கள் இறங்கவேண்டிய இடத்துக்கு முதலே இறங்கிப் போய்விட்டீர்கள். இனி உங்களை வேலையில் காணமாட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தம்பிர பேர் என்ன?" என்று கேட்டீர்கள். சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். "வீட்டுப் பேர் எங்களுக்குத் தெரியாதே புள்ள. இயக்கப் பேர் என்ன?" அது எனக்குத் தெரியாது. அக்காளுக்குத் தெரியாத பெயரில் அவன் செத்திருக்கிறான். அன்றைக்கு நீங்கள் உங்கள் மீன்குழம்பில் பாதியை என் சோற்றில் ஊற்றினீர்கள். 

அதன் பிறகு நாங்கள் சிநேகிதமானோம் என்று எழுதினால் அது பாதிப் பொய். எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறோம்! இந்திய ராணுவம் ஊருக்கு வந்ததைப் பற்றி ஒருநாள் மெட்ரோவில் தொடங்கிய சண்டை, பெட்டியில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி அங்கால் போகும் அளவுக்குப் போனது. "உங்கட ஆக்கள் அவங்களோட சேர்ந்து நிண்டு எங்கட பொடியன்களைக் காட்டிக் குடுத்தவை" என்றேன். "உங்கட ஆக்கள் எங்களை மிச்சம் விட்டிருந்தா நாங்கள் ஏன்கா அவங்களிட்டப் போறம்?" என்றீர்கள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "திரும்பிப் போகக் கப்பல் ஏறக்குள்ள அவங்கள் எங்களைத் திரும்பியும் பாக்கல்ல" என்றீர்கள்.  எங்கள் பக்கத்துக்கும் ஒரு காலம் கொழும்பு அரசிடம் இருந்தே துவக்கு வந்தது, அந்த இந்தியனைக் கலைக்க. அதை நீங்கள் என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லை.

தம்பியின் கதை அப்படியே கிடந்தது, ஒரு நூலின் சாட்டில் அது வெளியே வரும்வரை. வருடங்கள் போய்விட்டிருந்தன. ஒரு பிள்ளைக்கு இடம் வலம் தெரியாது, சப்பாத்தை எப்போதும் மாற்றித்தான் போடும். நீங்கள் சிவப்புக் கம்பளி நூலை எடுத்து அதன் இடது மணிக்கட்டில் கட்டினீர்கள். கட்டிக்கொண்டே சிரித்தீர்கள்.

"எங்கட காம்பிலயும் ஒரு பொடியன் இப்பிடித்தான். பாயே முட் எண்டா எல்லாரும் இடப்பக்கம் திரும்புவானுகள். இவன் வலப்பக்கம் திரும்பிப் பக்கத்தில நிக்கிறவன்ர மூக்கோட மூக்கு முட்டிக்கொண்டு நிப்பான். மறுகா எங்களைப் பழக்கின மாஸ்டர் அவன்ர இடக்கையில சிவப்பு நூல் கட்டிவிட்டார். ஊருக்குத் திரும்பி வள்ளத்தால இறங்கக்குள்ளயே அறுத்துக் கடலுக்க எறிஞ்சிட்டான், பொம்புளப் புள்ளையள் சிரிக்கிறாளுகளாம்!"

நான் பிள்ளையின் சப்பாத்தைக் கீழே வைத்தேன். "சோறு எந்தக் கையால சாப்பிடுவான்?" என்று கேட்டேன்.

"இடக்கையாலதான். ஏசினா, 'ரெண்டும் என்ர கைதானே' எண்டுவான்."

அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல், அக்கா. பள்ளிக்கூடத்தில் இடக்கையை அடித்து அடித்து வலக்கையால் எழுதப் பழக்கினார்கள். அதிலிருந்து அவனுக்கு இரண்டு பக்கமும் குழம்பிவிட்டது. அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் முறைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவன் அதைத்தான் சொல்வான். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். "அவன்தான் அக்கா, அவன்தான். என்ன நடந்தது அவனுக்கு? நீங்கள் அங்கயே நிண்டனீங்கள்?"

உங்கள் முகம் அப்படியே செத்துப்போனது. கையை இழுத்துக்கொண்டீர்கள். "மறுகா சொல்லுறன்" என்றீர்கள்.

உங்கள் ஊரில் மறுகா என்றால் பிறகு. எங்களுக்குப் பேந்து. ஆனால் உங்கள் மறுகாவுக்கு முடிவே இல்லை. தீபாவளிக்குக் கேட்டேன், மறுகா. என் மகளின் கலியாணத்துக்கு வந்தபோது கேட்டேன், மறுகா. ஒருமுறை கோபத்தில், "உங்களுக்கு எங்களில உள்ள ஆத்திரத்தை இப்பிடித் தீர்க்கிறீங்கள்" என்று கத்திவிட்டேன். நீங்கள் எழும்பிப் போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு உங்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. சித்திரவதை செய்தார்களா? என்னைத் திட்டினானா? "என்ர அக்கா அந்தக் கூட்டத்தில இருக்கிறாள்" என்று காறித் துப்பினானா? அப்படியென்றால் கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்றும் தோன்றும். அடுத்த கிழமை மறுபடியும் கேட்பேன்.

வருத்தம் வந்து படுக்கையாகி, இனி வீட்டுக்குப் போவதில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். ஆஸ்பத்திரி அறையில் மத்தியான வெயில். உங்கள் குரல் அரைவாசியாகியிருந்தது. கதிரையைக் கிட்ட இழுத்துப் போடச் சொன்னீர்கள்.

"பள்ளிக்கூடம் ஒண்டிலதான் எங்களை வளைச்சுப் பிடிச்சவங்கள். பொம்புளையளை விறாந்தையில இருத்திட்டாங்கள், எங்களை வீட்ட விடுறதெண்டு. ஆம்புளையளை முற்றத்தில நிக்க வச்சாங்கள். அவங்கட பெரியவன் ஒருத்தன் சொன்னான், 'எங்கட இயக்கத்தில சகோதரங்கள் இருக்கிறவங்கள் இடப்பக்கம் போங்கோ. மற்றவங்கள் வலப்பக்கம்.'"

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சப் பேர் இடப்பக்கம் போனானுகள். அவங்களை விட்டிட்டாங்கள், தப்பிட்டானுகள். உன்ர தம்பி வலப்பக்கம் போனான்."

 "அவனுக்கு இடம் வலம் தெரியாதே அக்கா" என்றேன். அழவில்லை, கத்தினேன். தாதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "மாறிப் போயிருப்பான்! ஐயோ, மாறிப் போயிருப்பான்!"

"இல்ல புள்ள." நீங்கள் என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். "கேள் நான் சொல்றதை. கையில நூல் கட்டியிருந்தவன். குனிஞ்சு அந்த நூலைப் பாத்தவன். வடிவாப் பாத்திட்டு, மறுகாதான் வலப்பக்கம் போனவன். அவன்ர கூட்டாளிப் பொடியன் அந்தப் பக்கம் நிண்டவன். உன்னைச் சொன்னா உனக்கு அங்க கரைச்சல் வரும் எண்டும் நினைச்சிருப்பான். பாத்துத்தான் போனவன். நான் கண்ணால கண்டனான்."

நான் உங்கள் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனை வருட அழுகை! அவன் என்னைத் திட்டவில்லை. அவன் குழம்பவும் இல்லை. தெரிந்து, விரும்பி, எனக்காகவும் தன் கூட்டாளிக்காகவும் போயிருக்கிறான். "இதைச் சொல்ல ஏன் அக்கா இவ்வளவு காலம்?" என்று கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நூலை வள்ளத்தால் இறங்கும்போதே அறுத்துக் கடலுக்குள் எறிந்தான் என்று அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நூல் கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னதும் நீங்கள்தானே.

ஏன் இவ்வளவு காலம் மறுகா மறுகா என்றீர்கள் என்பதும் அப்போது விளங்கியது. ஒரு பொடியன் இடத்தையும் வலத்தையும் மாற்றி நினைத்துச் செத்துப்போனான் என்று அவனுடைய அக்காளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியவில்லை. கணவனைக் கொன்றவர்களின் ஆள் நான். என்னை நோகடிக்க இதைவிட நல்ல ஆயுதம் உங்களுக்குக் கிடைத்திராது. அதை எடுக்காமல், சாகக் கிடக்கிற நேரத்தில், என் தம்பியின் கையில் மறுபடியும் நூலைக் கட்டிவிட்டீர்கள். பஸ் போய்க்கொண்டிருந்தது. திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்து, பொய் சொல்லுகிறீர்கள் என்று உங்களோடு சண்டை பிடிக்கவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். மணியை அடிக்கக் கை போனது. அடிக்கவில்லை. அடுத்த நாள் வந்தபோதும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டேன், நினைவிருக்கும்.

உங்கள் செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், மரக்கறிக் கடையில் தராசடியில் நின்ற எங்கள் பழைய ஆள் ஒருவர் காதோடு காதாக, "அங்கையோ போறீங்கள்? அவ ஆர் எண்டு தெரியும்தானே?" என்றார். "தெரியும். நீர் ஆர் எண்டும் தெரியும். மரக்கறியை நிறும்" என்றேன். இத்தனை வருடம் கழித்தும் இவர்களுக்கு விடவில்லை. பயத்தோடுதான் சேலை உடுத்தேன். ஆனால் உடுத்தேன்.

மண்டபத்தில் உங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர், எல்லாரும் நரைத்து, கூனி, ஒரு மூலையில் நின்றார்கள். டொரொண்டோவில் இருந்து வந்த உங்கள் மருமகன் என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினான், அந்தப் பள்ளிக்கூடத்தில் செத்த இடக்கைப் பொடியனின் அக்கா என்று நீங்கள் சொல்லிவைத்ததையும் சொன்னான். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தார். அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, இடப்பக்கம் போய்த் தப்பிய ஆட்களில் தானும் ஒருவர் என்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பொடியன்ர அக்காவே நீங்கள்? ஐயோ, பாவம் தங்கச்சி அவன். அவனுக்கு இடம் எது வலம் எது எண்டு..."

"இல்லை அண்ணை" என்றேன். எனக்கே கேட்காத குரலில் தொடங்கி, பிறகு சத்தமாகவே சொன்னேன். "கையில நூல் கட்டியிருந்தவன். பாத்திட்டுத்தான் போனவன்."

அவர் தடியை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

பெட்டியில் கிடந்த உங்களைக் காட்டினேன்.